நேர்காணலுக்குப் பிறகு எழுதப்படும் குறிப்பு

தொழில்நுட்ப வேலைக்கான நேர்காணல் முடிந்து, வந்தவர் விடைபெற்றுச் சென்ற பிறகும், நேர்காணல் நடத்தியவருக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அவர் உட்கார்ந்து ஒரு குறிப்பு எழுத வேண்டும். என்ன கேள்வி கேட்டார், வந்தவர் அதை எப்படி அணுகினார், எங்கே தடுமாறினார், எப்படி மீண்டார், இவரை எடுக்கலாமா, எடுக்கலாம் என்றால் எதை வைத்து அப்படிச் சொல்கிறார் என்பதையெல்லாம் அதில் பதிவு செய்ய வேண்டும். ஓரிரு நாள் கழித்து நான்கைந்து பேர் கூடி முடிவெடுக்கும்போது அவர்கள் கையில் இருப்பவை அந்தக் குறிப்புகள்தாம். வந்தவருக்கு உள்ளே எவ்வளவு தெரிந்திருந்தது என்பதை அளக்க அந்தக் கூட்டத்தில் வேறு வழி எதுவும் இல்லை.

பல ஆண்டுகள் நேர்காணல்களுக்குப் போய்வந்து, பிறகு பல ஆண்டுகள் மேசையின் மறுபக்கத்தில் அமர்ந்து கேள்வி கேட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நன்றாகப் படித்து, நன்றாக நிரல் எழுதவும் தெரிந்த பலர் தோற்றுப்போவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தெரிந்தது ஏராளம். எதிரே இருப்பவர் எழுதிக்கொள்ளும்படி அதில் வெளியே வந்தது மிகக் கொஞ்சம். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே இடத்திலிருந்து கிளம்புபவை.

என் சொந்த அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன். வேலையில் சேர்ந்து ஐந்தாறு ஆண்டுகள் ஆன பிறகு ஒரு நிறுவனத்தின் நேர்காணலுக்குச் சென்றிருந்தேன். தொடக்கமும் முடிவும் கொண்ட நேர இடைவெளிகளின் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, ஒன்றோடொன்று மோதும் இடைவெளிகளை ஒன்றாக இணைத்துத் தரச் சொன்னார்கள். எனக்கு நன்கு பழகிய கேள்வி. தொடக்க நேரத்தை வைத்து வரிசைப்படுத்திக்கொண்டு, ஒவ்வொன்றையும் அதுவரை இணைத்தவற்றில் கடைசியானதோடு ஒப்பிட்டுக்கொண்டே போனால் போதும். கேள்வி முடிந்த கணமே குனிந்து எழுதத் தொடங்கினேன். இருபது நிமிடத்துக்கும் மேலாக ஒரு சொல்கூடப் பேசவில்லை. எழுதி முடித்து நிமிர்ந்து, 'முடித்துவிட்டேன்' என்றேன். நிரல் சரியாகவே இருந்தது. ஒரு வாரம் கழித்து வருந்துகிறோம் என்று கடிதம் வந்தது.

அப்போது எனக்கு அது பெரிய அநியாயமாகத் தோன்றியது. சரியான விடையைக் கொடுத்தவனை எப்படி நிராகரிக்கலாம் என்று பல நாள் மனம் ஆறவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து நானே கேள்வி கேட்கும் இடத்துக்கு வந்தபோதுதான் விளங்கியது. என்னைப் போலவே ஓர் இளைஞர் வந்தார், கேள்வியைக் கேட்டார், எழுதினார், முடித்தார். அவர் சென்ற பிறகு குறிப்பெழுத உட்கார்ந்தால் என்னிடம் இருந்தவை இரண்டே வாக்கியங்கள். 'விடை சரி. எப்படி அங்கே வந்தார் என்று தெரியவில்லை.' அவர் யோசித்து வந்தாரா, முன்பே மனப்பாடம் செய்திருந்தாரா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதற்கு மேல் எழுதினால் அது என் கற்பனையாகிவிடும்.

அந்த இடைவெளிக் கேள்வியில் இன்னொன்றும் இருக்கிறது. ஓர் இடைவெளி 4-இல் முடிகிறது, அடுத்தது அதே 4-இல் தொடங்குகிறது. இவை இரண்டும் மோதுகின்றனவா, இல்லையா? ஒரு கூட்ட அறையை முன்பதிவு செய்யும் மென்பொருள் என்றால் மோதவில்லை. ஒருவர் எழுந்து போக, அடுத்தவர் உள்ளே வரலாம். ஒரு கேமரா எந்த எந்த நேரத்தில் இடைவிடாமல் பதிவு செய்தது என்று பார்க்கும் மென்பொருள் என்றால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தே ஆக வேண்டும். கேள்வியில் இது சொல்லப்படவில்லை. வேண்டுமென்றேதான் விட்டிருப்பார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று நான் மனதுக்குள் ஒரு முடிவை எடுத்து, யாரிடமும் சொல்லாமல் ஒரு சிறிய குறியீட்டில், 'சிறியது அல்லது சமம்' என்ற ஒப்பீட்டில், அதைப் புதைத்துவிட்டேன். எதிரே இருந்தவர் எதைக் கேட்கக் காத்திருந்தாரோ, அதைத்தான் நான் சொல்லாமல் விட்டிருந்தேன்.

ஆகவே முதல் பெரிய தவறு, கேள்வியைப் புரிந்துகொள்வதற்கு முன் விடையில் இறங்குவது. வேலை செய்யும் இடத்தில் யாரும் முழுமையான தேவையைக் கையில் கொடுப்பதில்லை. அரைகுறையாகச் சொல்லப்படுவதைக் கேட்டுக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்வதே பாதி வேலை. நேர்காணலில் கேள்வி சுருக்கமாக இருப்பதற்குக் காரணம் அதுதான். உள்ளீடு எவ்வளவு பெரியது, வரிசைப்படுத்தப்பட்டதா, வெறுமையாக இருக்கலாமா, ஒரே மதிப்பு திரும்ப வருமா, எதிர்ம எண்கள் உண்டா, விடை இல்லையென்றால் எதைத் திருப்பித் தர வேண்டும் என்று இரண்டு மூன்று நிமிடம் கேட்பது நேரத்தை வீணாக்குவது ஆகாது. ஆனால் மனப்பாடம் செய்த பட்டியலிலிருந்து கேள்விகளை ஒப்பித்துவிட்டு, வரும் பதில்களைப் பயன்படுத்தாமல் போகிறவர்களும் உண்டு. வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று பதில் வந்த பிறகும் நிரலின் முதல் வரியில் மறுபடி வரிசைப்படுத்தினால், கேட்டது சடங்குக்காகத்தான் என்பது வெளிப்பட்டுவிடும்.

இதை இன்னும் கொஞ்சம் அருகில் சென்று பார்ப்போம். மிகவும் எளிமையானது என்று எல்லோரும் நினைக்கும் கேள்வி ஒன்று. ஓர் எண் பட்டியலும் ஓர் இலக்கு எண்ணும் தரப்படுகின்றன; கூட்டினால் இலக்கு வரும் இரண்டு எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். நேரடியான வழி, ஒவ்வோர் எண்ணையும் அதற்குப் பின்னுள்ள ஒவ்வோர் எண்ணோடும் கூட்டிப் பார்ப்பது. பட்டியலில் ஒரு லட்சம் எண்கள் இருந்தால் ஏறத்தாழ 500 கோடி இணைகள் வரும். ஆகவே இந்த வழியைச் சொல்லவே கூச்சப்பட்டு, நேராக ஹேஷ் மேப்புக்கு, அதாவது ஒரு மதிப்பு உள்ளே இருக்கிறதா என்று உடனே சொல்லிவிடும் சேமிப்பு அமைப்புக்கு, தாவுகிறார்கள். அதுவும் தவறு என்பது என் கருத்து. நேரடி வழியை ஒரே வாக்கியத்தில் சொல்லி, அதன் செலவையும் சொல்லி, 'இதைவிடக் குறைத்துப் பார்க்கிறேன்' என்று நகர்வதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடத்தில் எதிரே இருப்பவருக்கு மூன்று செய்திகள் கிடைத்துவிடுகின்றன. கேள்வி உங்களுக்குப் புரிந்திருக்கிறது, செலவைக் கணக்கிடத் தெரிந்திருக்கிறது, மேம்படுத்த வேண்டிய இடமும் தெரிந்திருக்கிறது. நடுவில் எங்காவது சிக்கிக்கொண்டால் திரும்பி வருவதற்கு ஒரு விடையும் கைவசம் இருக்கும்.

அடுத்து ஹேஷ் மேப் வழி. பலர் முதலில் எல்லா எண்களையும் அதில் போட்டுவிட்டு, பிறகு ஒவ்வோர் எண்ணுக்கும் இலக்கிலிருந்து கழித்த மீதி அதில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பட்டியலில் 3, 5 என்ற இரண்டே எண்கள், இலக்கு 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். 6-இலிருந்து 3 போனால் 3. மேப்பில் 3 இருக்கிறது. நிரல் மகிழ்ச்சியோடு 3-ஐயும் 3-ஐயும் விடையாகத் தருகிறது. பட்டியலில் இருப்பதோ ஒரே ஒரு 3. ஒவ்வோர் எண்ணுக்கும் முதலில் மீதியைத் தேடிவிட்டு, பிறகு அந்த எண்ணை மேப்பில் சேர்த்தால் இந்தப் பிழை மறைந்துவிடும். 3, 5, 3 என்று உண்மையிலேயே இரண்டு மூன்றுகள் இருக்கும் பட்டியலுக்கும் சரியான விடை வரும். இரண்டு வரிகளை இடம் மாற்றுவதுதான் வேலை. ஆனால் 'முடிந்தது' என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்ப்பவருக்கும், தாமே ஒரு சிறிய உள்ளீட்டை எடுத்து வரிவரியாக ஓட்டிப்பார்த்து 'இங்கே தவறு இருக்கிறது, மாற்றுகிறேன்' என்று சொல்பவருக்கும் குறிப்பில் கிடைக்கும் இடம் வேறு வேறு. இரண்டாமவர் பிழை செய்தார் என்று நான் எழுதுவதில்லை. பிழையைத் தாமே கண்டுபிடித்தார் என்று எழுதுகிறேன். எங்கள் வேலையில் அதற்கு இருக்கும் மதிப்பு மிகப் பெரியது.

தேர்ந்தவர்களும் தவறக்கூடிய இடம் இது என்பதற்கு நன்கு அறியப்பட்ட சான்று ஒன்று உண்டு. வரிசைப்படுத்திய பட்டியலில் தேடும் இடத்தைப் பாதி பாதியாகக் குறைத்து ஓர் எண்ணைத் தேடும் பைனரி சர்ச் முறையில், கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுத்து நடுவிடத்தைக் கண்டுபிடிப்பது வழக்கம். 32 பிட் முழு எண்ணில் கொள்ளும் மிகப் பெரிய மதிப்பு 2,147,483,647. பட்டியல் நூறு கோடியைத் தாண்டி வளரும்போது அந்தக் கூட்டுத்தொகை இந்த எல்லையை மீறி எதிர்ம எண்ணாக மாறிவிடும். ஜாவா மொழியின் நிலையான நூலகத்திலேயே இந்தப் பிழை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இருந்தது. அந்த நிரலை எழுதிய ஜோஷ்வா பிளாக் 2006-இல் அதைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். திருத்தம் எளிது. மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லையைக் கழித்து, பாதியாக்கி, கீழ் எல்லையோடு கூட்டினால் போதும். நேர்காணலில் இந்தத் திருத்தத்தை ஒப்பிப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. காரணம் சொல்லத் தெரியாத வரி எதுவும் உங்கள் நிரலில் இருக்கக் கூடாது என்பதை நான் மிகக் கண்டிப்பாகச் சொல்வேன்.

பேசிக்கொண்டே யோசிப்பது கடினம் என்று பலரும் சொல்கிறார்கள். உண்மைதான். அது கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு மட்டுமான சிக்கலும் அல்ல. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், 48 மாணவர்களை இரண்டு பிரிவாக்கி ஒரே வகை நிரல் கேள்வியைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர், ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, யோசனையை வாய்விட்டுச் சொல்லியபடி பலகையில் எழுதினார்கள். மற்றவர்கள் தனியறையில் யாரும் பாராமல் எழுதினார்கள். பார்க்கப்பட்டவர்களின் செயல்திறன் பாதிக்கும் கீழே இறங்கியது. இந்த ஆய்வு நேர்காணல் முறையைப் பற்றிக் கடுமையான கேள்வியை எழுப்புகிறது. வேலை தெரிந்தவர்களைப் பதற்றத்தின் பேரில் வெளியே தள்ளுகிறோமா என்று, கேள்வி கேட்கும் நாங்கள் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும். ஆனால் நாளை நேர்காணலுக்குப் போக இருப்பவருக்கு அதில் உடனடிப் பயன் தரும் செய்தி ஒன்றும் இருக்கிறது. தனியாக உட்கார்ந்து முந்நூறு கணக்குகள் போட்டாலும், ஒருவர் பார்க்கும்போது போட்டுப் பழகாவிட்டால், தயாரிப்பில் பாதி விடுபட்டுப்போகிறது. ஒரு நண்பரை எதிரே உட்காரவைத்து, அவருக்கு நிரலாக்கம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வாய்விட்டுப் பேசிக்கொண்டே பத்துக் கேள்விகளுக்காவது விடை எழுதிப் பாருங்கள். முதல் மூன்று முறை சொற்கள் சிக்கும். நான்காவது முறையிலிருந்து கையும் வாயும் சேர்ந்து நகரத் தொடங்கும்.

இடைவிடாமல் பேச வேண்டும் என்பது இதன் பொருள் ஆகாது. 'இரண்டு நிமிடம் அமைதியாக யோசித்துக்கொள்கிறேன்' என்று சொல்லிவிட்டு மௌனமாக இருப்பதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. அறிவிக்காத மௌனம்தான் எதிரே இருப்பவரைத் தவிக்கவைக்கிறது. சிக்கியிருக்கிறாரா, உதவி செய்யலாமா, குறுக்கிட்டால் கெடுத்துவிடுவோமா என்று அவருக்கும் தெரியாது. அவர் வழிகாட்டும்படி ஏதாவது சொல்லும்போது அதைக் காதில் வாங்காமல் போவதும் பலர் செய்யும் தவறு. 'இந்த வரியை இன்னொரு முறை பார்க்கலாமா?' என்று கேட்டால், அங்கே ஏதோ இருக்கிறது என்று பொருள். தன் வழியைக் காப்பாற்றிக்கொள்ளும் வேகத்தில் 'இல்லை, அது சரிதான்' என்று தாண்டிப்போனவர்கள் எத்தனையோ பேர். நாளை இவருடைய நிரலில் ஒரு சக ஊழியர் குறை சொன்னால் என்ன நடக்கும் என்பதை அந்த ஒரு பதிலிலேயே நாங்கள் பார்த்துவிடுகிறோம்.

பெரிய அமைப்புகளை வடிவமைக்கச் சொல்லும் சுற்றில் தவறு வேறு உருவம் எடுக்கிறது. அங்கே சிக்கல் மௌனம் அல்ல, பெயர்கள். நீண்ட இணைய முகவரிகளைச் சுருக்கித் தரும் சேவை ஒன்றை வடிவமைக்கச் சொன்னால், இரண்டாவது நிமிடத்திலேயே பலகையில் காஃப்கா, ரெடிஸ், குபர்நெட்டிஸ் போன்ற கருவிகள், பத்தாகப் பிரிக்கப்பட்ட தரவுத்தளம், தனித்தனியே இயங்கும் இருபது சிறு சேவைகள் (மைக்ரோசர்வீஸ்கள்) என்று பெட்டிகள் நிறைந்துவிடுகின்றன. எத்தனை பேர் பயன்படுத்துவார்கள் என்று அதுவரை ஒரு கேள்விகூட வந்திருக்காது.

கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன்: நாளுக்குப் பத்து லட்சம் புதிய முகவரிகள், பத்துக் கோடி முறை திறக்கப்படுகின்றன. இனி கணக்குப் போடலாம். ஒரு நாளில் 86,400 வினாடிகள். ஆக, வினாடிக்குப் புதிதாகச் சேருபவை ஏறத்தாழ 12. திறக்கப்படுபவை ஏறத்தாழ 1,160. உச்ச நேரத்தில் ஐந்து மடங்கு என்று வைத்தாலும் ஆறாயிரத்தைத் தொடாது. ஒரு பதிவுக்கு 500 பைட்டுகள் என்றால் நாளுக்கு 500 மெகாபைட். ஆண்டுக்கு 180 ஜிகாபைட் சொச்சம். ஐந்து ஆண்டுச் சேமிப்பும் ஒரே தரவுத்தள இயந்திரத்தின் வட்டில் அடங்கிவிடும். சுருக்கிய முகவரிக்கு எத்தனை எழுத்துகள் வேண்டும்? ஆங்கிலச் சிற்றெழுத்து, பேரெழுத்து, எண்கள் சேர்த்து 62 குறிகள். ஆறு இடங்களில் அவற்றை நிரப்பினால் ஏறத்தாழ 5,680 கோடி முகவரிகள் கிடைக்கும். நாளுக்குப் பத்து லட்சம் என்ற வேகத்தில் அவை தீர 150 ஆண்டுகளுக்கு மேலாகும்.

இந்தக் கணக்கு ஐந்து நிமிட வேலை. முடித்த பிறகு வடிவம் தானாகவே வருகிறது. ஒரு தரவுத்தளம், இயந்திரம் பழுதானால் கைகொடுக்க அதன் நகல்கள், அடிக்கடி திறக்கப்படும் முகவரிகளை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் ஓர் அடுக்கு, அதற்கு முன்னால் இரண்டு மூன்று வலைச் சேவையகங்கள். இவ்வளவு போதும் என்று சொல்லி, 'பயன்பாடு நூறு மடங்கானால் முதலில் எது முறியும்?' என்ற கேள்விக்குத் தயாராக இருப்பவரை நான் மிகவும் மதிக்கிறேன். தேவையில்லாத பெட்டி ஒவ்வொன்றும் நள்ளிரவில் யாரையோ எழுப்பப்போகும் பெட்டி. அதைப் பராமரித்துப் பார்த்தவர்கள் அதை எளிதில் வரைய மாட்டார்கள்.

பெயர்களை அடுக்கும் பழக்கம் தற்குறிப்பிலிருந்தே தொடங்கிவிடுகிறது. தற்குறிப்பில் எழுதிய ஒவ்வொரு சொல்லும் கேள்வி கேட்க நீங்களே கொடுக்கும் அனுமதி. ஒரு நாள் பயிற்சி வகுப்பில் தொட்டுப் பார்த்த கருவியைப் பத்தோடு பதினொன்றாகச் சேர்த்துவிட்டு, அதைப் பற்றிய முதல் கேள்விக்கே திணறினால், உண்மையிலேயே நன்றாகத் தெரிந்த மற்ற பத்தின் மீதும் சந்தேகம் படர்கிறது. 'செயல்திறனை 40 சதவீதம் உயர்த்தினேன்' என்று எழுதியிருந்தால், எதன் செயல்திறன், எப்படி அளந்தீர்கள், சராசரி நேரமா, மிகவும் மெதுவான நூற்றில் ஒரு கோரிக்கையின் நேரமா, மாற்றத்துக்கு முன்பு எவ்வளவு என்று கேட்பார்கள். இந்த விவரங்கள் நினைவில் இல்லை என்றால் சதவீதத்தை எடுத்துவிட்டு, என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். அது சிறியதாகத் தெரிந்தாலும் உங்கள் காலடியில் உறுதியாக நிற்கும்.

தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதும் இதே வகைதான். தரவுத்தள வினவல் மெதுவாக இருக்கிறது, என்ன செய்வீர்கள் என்று கேட்டால் எல்லோரும் 'இண்டெக்ஸ் போடுவேன்', அதாவது தேடலை வேகப்படுத்தத் தனி அடைவு ஒன்றை வைப்பேன், என்கிறார்கள். 'அப்படியானால் எல்லா நெடுவரிசைகளுக்கும் போட்டுவிடலாமே?' என்று அடுத்த கேள்வியைக் கேட்பது என் வழக்கம். ஒவ்வோர் இண்டெக்ஸும் எழுதும் வேகத்தைக் குறைக்கும், இடத்தையும் பிடிக்கும் என்பது அதற்கான தொடக்க விடை. 'ஆம்' 'இல்லை' என்று இரண்டே மதிப்புகள் சரிபாதியாக உள்ள நெடுவரிசைக்கு அது பெரும்பாலும் பயன்படாது, முதலில் வினவல் எப்படி ஓடுகிறது என்ற திட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் இன்னும் நல்லது. ஒரு முறை ஒரு பெண் இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, 'எனக்கு உறுதியாகத் தெரியாது. ஆனால் புத்தகத்தின் பின்னால் உள்ள சொல்லடைவு போன்றது என்று நினைத்தால், புத்தகத்தில் ஒரு பக்கம் மாறும்போது அதையும் திருத்த வேண்டியிருக்கும், எனவே எழுதுவது மெதுவாகும் என்று ஊகிக்கிறேன்' என்றார். அவருக்குத் தெரியாது என்று அவரே சொல்லிவிட்டார். ஆனால் எனக்கு வேண்டியது முழுவதும் அந்த வாக்கியத்தில் இருந்தது. என் குறிப்பில் அதை அப்படியே எழுதினேன். இதற்கு மாறாக, பாதி கேட்ட சொற்களைக் கோத்து உறுதியான குரலில் பேசுபவரை மூன்றாவது கேள்வியில் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அவர் சொன்ன உண்மையான விடைகளையும் நான் மறுபடி சோதிக்க வேண்டியிருக்கிறது.

இணையவழி நேர்காணல்களில் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் ரகசியமாகக் கேட்டு விடை சொல்வதும் இதன் தொடர்ச்சிதான். கண்கள் ஒரே இடத்தில் படிப்பதும், கேள்விக்கும் விடைக்கும் இடையே ஒரே அளவான தாமதம் வருவதும், எளிய கேள்விக்கும் கட்டுரை போன்ற விடை வருவதும் கவனிக்கப்படுகின்றன. சில நிறுவனங்கள் இந்தக் கருவிகளைப் பயன்படுத்த வெளிப்படையாகவே அனுமதிக்கின்றன. அங்கே கருவி தந்த நிரலில் குறை கண்டுபிடிப்பதுதான் தேர்வு. அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள்.

பழைய அனுபவங்களைப் பற்றிக் கேட்கும் சுற்றைப் பொறியாளர்கள் பலர் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. தயாரிப்பு இல்லாமல் வந்து, கேட்கும்போது நினைவில் தேடுகிறார்கள். நம் மொழியின் இயல்பு ஒன்றும் இங்கே நம்மை ஏமாற்றுகிறது. 'அந்தச் சிக்கல் சரிசெய்யப்பட்டது', 'புதிய முறை கொண்டுவரப்பட்டது' என்று செய்தவர் யார் என்றே சொல்லாமல் ஒரு கதையை முழுவதும் சொல்லி முடித்துவிட முடிகிறது. 'நான்' என்று சொன்னால் தற்பெருமையாகிவிடுமோ என்ற கூச்சத்தில் எல்லாவற்றையும் 'நாங்கள்' ஆக்கிவிடுகிறோம். அந்தப் பணிவு எனக்கும் பிடித்ததுதான். ஆனால் குறிப்பெழுதுபவர் குழுவை வேலைக்கு எடுக்கப்போவதில்லை. குழு என்ன செய்தது, அதில் என் பங்கு எது, நான் எடுத்த முடிவு எது, அதன் விளைவு என்ன என்று பிரித்துச் சொல்வதில் தற்பெருமை எதுவும் இல்லை. ஒரு கருத்து வேறுபாடு, ஒரு தோல்வி, கெடுவுக்குள் முடியாமல்போன ஒரு வேலை, நீங்களே முன்வந்து சரிசெய்த ஒரு கோளாறு என நான்கைந்து நிகழ்ச்சிகளை முன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தோல்வியைக் கேட்கும்போது 'அளவுக்கு மீறி உழைப்பதுதான் என் குறை' என்பது போன்ற விடைகளைச் சொல்லாதீர்கள். உங்கள் நிரலால் ஒரு சேவை உண்மையிலேயே நின்றுபோன நாளைச் சொல்லுங்கள். எப்போது கவனித்தீர்கள், முதலில் யாரிடம் சொன்னீர்கள், மறுபடி நடக்காதிருக்க எதை மாற்றினீர்கள் என்பதைச் சொல்லுங்கள். பழைய மேலாளரைத் திட்டித் தீர்ப்பதற்கும் இது இடமல்ல. அவர் தவறே செய்திருந்தாலும் எதிரே இருப்பவருக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒலிவாங்கியையும் திரைப் பகிர்வையும் முந்தைய நாளே சோதித்துக்கொள்ளுங்கள். அறிவிப்புகளை நிறுத்திவையுங்கள். உங்களுக்கு மிகவும் பழக்கமான மொழியிலேயே நிரல் எழுதுங்கள். அந்த நிறுவனம் பயன்படுத்துகிறது என்பதற்காக இரண்டு வாரம் முன்பு கற்ற மொழியில் எழுதத் துணியாதீர்கள்.

கடைசியில் 'எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?' என்று கேட்கும்போது 'ஒன்றும் இல்லை' என்று எழுந்துவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும். உங்கள் வாழ்க்கையின் சில ஆண்டுகளைக் கொடுக்கப்போகும் இடத்தைப் பற்றி உள்ளே இருப்பவரிடமே கேட்கக் கிடைக்கும் ஐந்து நிமிடம் அது. எழுதிய நிரல் பயனர்களைச் சென்றடைய எத்தனை நாள் ஆகிறது, நள்ளிரவில் கோளாறு வந்தால் யாரை எழுப்புகிறார்கள், மாதத்தில் எத்தனை முறை அப்படி நடக்கிறது, கடைசியாக நடந்த பெரிய கோளாறுக்குப் பிறகு எதை மாற்றினார்கள் என்று கேளுங்கள். பதிலைவிட, பதில் சொல்பவர் தயங்கும் இடம் அதிகம் சொல்லும். நான் ஒரு வேலையை ஏற்காமல் விட்டதற்கு அப்படிப்பட்ட ஒரு நீண்ட தயக்கம்தான் காரணம்.

நிராகரிப்பு வந்தால் காரணம் கேட்டு ஒரு மரியாதையான கடிதம் எழுதுங்கள். பதில் வராமல் போவதே அதிகம். வந்தால் அது விலைமதிப்பற்றது. பதில் வந்தாலும் வராவிட்டாலும், நேர்காணல் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள், கேட்ட கேள்விகளையும் நீங்கள் சொன்ன விடைகளையும் நினைவில் உள்ளபடியே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். எதிரே இருந்தவர் அதே நேரத்தில் தம் குறிப்பை எழுதிக்கொண்டிருப்பார். உங்கள் நோட்டைப் படித்துப் பார்த்து, அவர் இடத்தில் இருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள் என்று கீழே நான்கு வரி எழுதிப் பாருங்கள். என்னை நிராகரித்த அந்த இடைவெளிக் கேள்வியைப் பற்றி நான் அப்படி எழுதிவைத்த பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் ஓரத்தில், பல ஆண்டுகள் கழித்து வேறு நிற மையில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: '4-இல் முடிவதும் 4-இல் தொடங்குவதும் ஒன்றுசேருமா என்று கேட்டிருக்க வேண்டும்.'